எடைக்கார மேனகாவின் வீட்டுக் கடன்

மிளகு எடை போடும் நாளில் மேனகா அக்கா வியாபாரி கொடுக்கும் டீயைக் குடிக்கமாட்டார். ஏற்காட்டு மலையில் எங்கள் கொட்டச்சேட்டில் எல்லோருக்கும் இது தெரியும். வியாபாரிகளுக்கும் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு மாசியிலும் யாராவது ஒருவர் ஃபிளாஸ்க்கைத் திறந்து பார்ப்பார்.

எங்கள் பக்கத்தில் ஒரு ஏக்கர், ஒன்றரை ஏக்கர் வைத்திருப்பவர்கள் மிளகை மூட்டை கட்டிக் கீழே கொண்டுபோவதில்லை. வியாபாரி ஜீப்பில் ஏறி வருவார். தராசு அவருடையது, நோட்டு அவருடையது, அவசரமும் அவருடையது. பதினோரு வருடத்துக்கு முன்னால் அக்காவின் வீட்டு மிளகில் மூட்டைக்கு இரண்டு கிலோ குறைந்தது. அக்கா சண்டை போடவில்லை. அடுத்த வாரமே சேலம் போய்ச் சொந்தமாக ஒரு தொங்கு தராசும், அதைச் சரிபார்க்க அரசு முத்திரை குத்திய ஐந்து கிலோ இரும்புக் கல் இரண்டும் வாங்கி வந்தார். முதலில் தன் வீட்டுக்கு, பிறகு பக்கத்து வீட்டுக்கு, பிறகு ஊருக்கே. இன்று கொட்டச்சேட்டிலும் சுற்றுப்பட்டிலும் விற்கிறவர்கள் அக்காவுக்குச் சொல்லிவிட்டுத்தான் வியாபாரிக்குப் போன் போடுகிறார்கள்.

கூலி, விற்கிறவர் கையால் மட்டும். காப்பி என்றால் மூட்டைக்கு முப்பது ரூபாய். மிளகு என்றால் ஓர் ஆழாக்கு மிளகு. எடை முடிந்ததும் விற்கிறவரின் மூட்டையிலிருந்து எல்லோர் கண்ணுக்கும் தெரிய அளந்து, ஆழாக்கைத் தூக்கிக் காட்டி, "எங்கூலி எடுத்தாச்சுங்க" என்று சத்தமாகச் சொல்வார். அந்த நேரத்தில் அக்கா யாருடைய ஆள் என்பதில் களத்தில் நிற்கும் நாய்க்குக்கூடச் சந்தேகம் இருக்காது. வாங்குகிறவரிடமிருந்து ஒரு டீ கிடையாது, ஒரு முறுக்கு கிடையாது, ஜீப்பில் ஒரு மைல் தூரம் ஏறிக்கொள்வதும் கிடையாது.

போன மாசியில் ஏற்காட்டு வியாபாரி ராஜேந்திரன் கேட்டார்.

"ஏம்மா மேனகா, டீல என்ன வெஷமா வெச்சிருக்கறன்? இந்தக் குளிருக்கு ஒரு வாய் குடிச்சாத்தான் என்ன?"

"வெஷம் வெச்சிருந்தாக்கூட குடிச்சுப்போடுவனுங்க. நீங்க சக்கரை போட்டிருக்கறீங்க பாருங்க, அதுதான் பயமா இருக்குது."

களம் சிரித்தது. ராஜேந்திரனும் சிரித்தார். சிரிப்பு அடங்குவதற்குள் அக்கா அவர் செருப்பைப் பார்த்தார்.

"காலை எடுங்க மொதல்ல. தொங்கற மூட்டைக்கு அடியில முட்டுக் குடுத்துட்டு நிக்கறீங்க."

ராஜேந்திரன் காலை எடுத்தார். தராசில் எண் நானூறு கிராம் ஏறியது.

அக்காவுக்கு நாற்பது வயது. ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஆங்கில எழுத்துகளைக் கூட்டிப் படிப்பார், பொருள் தெரியாது. எண் என்றால் எந்த மொழியிலும் தப்பாது. கணவர் ஜெயபிரகாஷ் ஏற்காட்டில் ஒரு தனியார் பள்ளியின் வேன் ஓட்டுகிறார். பத்தொன்பதாயிரம் சம்பளம், மாதம் பிறந்தால் வங்கிக் கணக்கில் விழுந்துவிடும். மகள் இலக்கியா பிளஸ் ஒன். மூன்று பேரும் ஜெயபிரகாஷின் அண்ணன் வீட்டில் பின்பக்கம் ஒரே அறையில் இருந்தார்கள். அண்ணன் மகனுக்குத் தையில் கல்யாணம் என்று முடிவானதும், அண்ணன் ஒரு நாள் வாசலில் நின்றபடி, "தைக்குள்ள ஒரு வழி பண்ணிக்க தம்பி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம்.

அக்காவிடம் நாலு சென்ட் இடம் இருந்தது. ஆழாக்கு ஆழாக்காகச் சேர்ந்த மிளகில் வாங்கியது, அக்கா பேரில் பத்திரம். அதில் மூன்று அறையில் ஒரு வீடு. ஒன்று சமையலுக்கு, ஒன்று படுக்க, ஒன்று இலக்கியா கதவைச் சாத்திக்கொண்டு படிக்க. எட்டு லட்சம் கடன் வேண்டும். தைக்குள் குடியேற வேண்டும்.

ஒரு சனிக்கிழமை இருவரும் வங்கிக்குப் போனார்கள். நல்ல கூட்டம். டோக்கன் எடுத்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்தார்கள். ஜெயபிரகாஷுக்கு மூன்று மணிக்கு ஸ்பெஷல் வகுப்புப் பிள்ளைகளை ஏற்ற வேண்டும். எழுந்து வெளியே வந்தபோது வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவன் எழுந்து, "என்னங்கண்ணா, வீட்டு லோனுங்களா?" என்றான்.

அவன்தான் கோகுல். முப்பது வயதிருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, பையில் இரண்டு பேனா. ஏரிப் பக்கம் ஒரு பேக்கரிக்கு மேலே சின்ன அலுவலகம், 'கடன் ஏற்பாடு செய்து தரப்படும்' என்று போர்டு. மறுநாளே பைக்கில் கொட்டச்சேடு வந்துவிட்டான்.

"பேங்க்குக்கு நேரா போனீங்கன்னா ஆறு மாசம் நடக்க விடுவாங்கக்கா. மலை மேல இருக்கற எடம்னாலே யோசிப்பாங்க. நான் மூணு நாலு எடத்துல போட்டுப் பாத்து, உங்களுக்கு எது லாபமோ அதை முடிச்சுத் தர்றன். ஒம்போது, பத்து வட்டிக்குள்ள முடிச்சர்லாம்."

"அது சரிங் தம்பி. உங்களுக்கு எவ்வளவு?"

"ரெண்டு பர்சென்ட்ங்கக்கா. எட்டு லட்சத்துக்குப் பதினாறாயிரம். பாதி இப்ப, பாதி பணம் வந்தப்பறம். ஒளிவு மறைவே கெடையாது. நான் உங்க ஆளுங்கக்கா."

கூலியை வாய்விட்டுச் சொன்னவனை அக்காவுக்குப் பிடித்துப்போனது. அங்கேதான் தவறு நடந்தது, அதுவும் அக்கா போன்ற ஒருவரால் மட்டுமே செய்ய முடிகிற தவறு. தன்னிடம் கூலி வாங்குகிறவன் தன் ஆள் என்று அக்கா நினைத்தார். எதிர்ப்பக்கமும் உனக்குக் கூலி தருகிறதா என்று கேட்கவில்லை. அப்படி ஒருவன் இருப்பான் என்றே அவருக்குத் தோன்றவில்லை. பதினோரு வருடமாக யாருடைய டீயையும் குடிக்காதவருக்கு அந்தக் கேள்வி எங்கிருந்து வரும்?

எட்டாயிரம் கைமாறியது. "லீகல் பாக்கோணும்" என்று சொல்லி மூலப்பத்திரத்தையும் வாங்கிக்கொண்டு போனான். போகும்போது ஜெயபிரகாஷிடம், "அஸ்திவாரம் எடுத்துருங்கண்ணா. வேலை ஆரம்பிச்ச எடம்னா சீக்கிரம் பாஸ் ஆகும்" என்றான். சித்திரையில் கையிலிருந்த காசைப் போட்டு அஸ்திவாரம் தோண்டினார்கள். மூன்று அறைக்கு மூன்று சதுரம். இலக்கியா தன் சதுரத்துக்குள் இறங்கி நின்று, ஜன்னல் எந்தப் பக்கம் என்று கை நீட்டிக் காட்டியதைப் அடுத்த மனையில் இருக்கும் என் வீட்டிலிருந்து நானே பார்த்தேன்.

பிறகு வெறும் போன்தான். இன்னிக்கு, நாளைக்கு, மேனேஜர் லீவு, சர்வர் வேலை செய்யவில்லை. ஒரு நாள், "பேங்க்ல வேண்டாம்னுட்டாங்கக்கா. மலை எடம்னு ரிஜெக்ட். கவலப்படாதீங்க, ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில போட்டிருக்கறன்" என்றான். வைகாசிக் கடைசியில் பாஸ் ஆகிவிட்டது, சேலம் வந்து கையெழுத்துப் போட வேண்டும், சாட்சிக்கு ஒரு ஆளும் வேண்டும் என்றான். அடுத்த வீட்டுக்காரன், நாலு எழுத்துப் படித்தவன் என்று என்னைக் கூட்டிப்போனார்கள்.

பஸ்ஸில் ஜெயபிரகாஷ் முன்வரிசையில் உட்கார்ந்து ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் டிரைவர் எப்படித் திருப்புகிறார் என்று பார்த்துக்கொண்டே வந்தார். அக்கா மடியில் துணிப்பை. புதுப்புடவை. "ஊடு கட்டறதுக்கு முன்னாலயே கிரகப்பிரவேசத்துக்குக் கெளம்பிட்டா பாரு" என்று ஜெயபிரகாஷ் திரும்பிச் சொன்னார். "நீங்க ரோட்டப் பாருங்க" என்றார் அக்கா. "நானா வண்டி ஓட்டறன்?" என்றார் அவர். பக்கத்து இருக்கைப் பாட்டி ஒருவர் சத்தமாகச் சிரித்தார்.

அந்த அலுவலகம் இரண்டாவது மாடியில் இருந்தது. கண்ணாடிக் கதவு, ஏசி, ஒரு குடும்பம் வீட்டு வாசலில் நின்று பல் தெரியச் சிரிக்கும் படம். ஜெஸ்லின் என்ற பெண் எங்களை உட்காரவைத்தாள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவள் என்று பார்த்தாலே தெரிந்தது. ஒரு செங்கல் கனத்துக்குத் தாள்கள். கையெழுத்து வேண்டிய இடத்திலெல்லாம் பென்சிலால் ஒரு சின்னப் பெருக்கல் குறி. கோகுல் எதிரே உட்கார்ந்து கைப்பேசியைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அக்காவின் மூலப்பத்திரம் மேஜையில் ஒரு பச்சை உறைக்குள் இருந்தது.

"இங்க போடுங்க. அப்பறம் இங்க. இங்கயும்ங்க."

எனக்குச் சாட்சித் தாளைத் தள்ளினாள். அதோடு இன்னொரு தாளையும் சேர்த்துப் பின் அடித்திருந்தார்கள். அவர்கள் அலுவலகத்துக்குள் வைத்துக்கொள்ள வேண்டிய தாள், தவறிப்போய் எங்கள் பக்கம் வந்துவிட்டது. அதில் கோகுல் பெயர், ஒரு எண், அதற்கு நேரே கமிஷன் இரண்டு சதவீதம், பதினாறாயிரம் என்று ஆங்கிலத்தில் இருந்தது. நான் படித்தேன். புரிந்தது. வாயைத் திறக்கவில்லை. நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்கு வார்த்தை வராது, அது என் பழக்கம். அன்று அந்தப் பழக்கம் என்னைக் கோகுலின் ஆளாக்கிவிட்டது. கையெழுத்துப் போட்டுத் தாளைத் திருப்பித் தள்ளினேன்.

அக்கா பேனாவை எடுக்கவில்லை. தராசைப் பார்ப்பதுபோல் முதல் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தப் பதினஞ்சேகால் என்னதுங்க?"

"வட்டிங்க" என்றாள் ஜெஸ்லின். "வருசத்துக்கு."

"ஏந்தம்பி, ஒம்போது பத்துன்னீங்க?"

கோகுல் தலையை நிமிர்த்தாமலே சொன்னான். "அது பேங்க்கு வட்டிங்கக்கா. பேங்க்லதான் ரிஜெக்ட் ஆயிருச்சே. இவங்க குடுக்கறதே பெருசு. மாசம் பதினோராயிரத்துச் சொச்சம், அண்ணன் சம்பளத்துல கட்டிறலாம்."

"பத்தொன்பதுல பதினொண்ணு போனா மிச்சம் எட்டு. அரிசி நீங்க வாங்கித் தர்றீங்களா?" அக்கா அடுத்த தாளைப் புரட்டினார். அதற்கடுத்து, நான் திருப்பித் தள்ளியபோது அந்தக் கட்டோடு சேர்ந்துவிட்ட தாள். விரல் ஓர் இடத்தில் நின்றது. "இது கோகுலுன்னுதான போட்டிருக்குது? உங்க கார்டுல இதே எழுத்து இருக்குது. இங்க எதுக்கு உங்க பேரு?"

கோகுல் கையை நீட்டினான். அக்கா தாளை நகர்த்தி ஜெஸ்லின் பக்கம் திருப்பினார்.

"நீ சொல்லு கண்ணு."

ஜெஸ்லினுக்கு இதில் மறைக்க என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்கவில்லை. "அவரு எங்க ஏஜென்ட்டுங்க. லோனுக்கு ஆள் கொண்டு வந்து விடறவரு. லோன் முடிஞ்சா அவருக்கு நாங்க கமிஷன் குடுப்போம்."

"எவ்வளவு?"

"இதுல போட்டிருக்கே, பதினாறாயிரம்."

"அப்ப நாங்க இவருக்குக் குடுக்கறது?"

ஜெஸ்லின் முகம் மாறியது. "நீங்க குடுக்கறீங்களா? நீங்க ஒண்ணும் குடுக்க வேண்டியதில்லைங்களே."

அக்கா கோகுலைப் பார்த்தார். குரல் ஏறவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"எட்டாயிரம் எதுக்கு வாங்குனே சாமி?"

"அக்கா, அது சர்வீஸ் சார்ஜ். இது கம்பெனி குடுக்கறது. ரெண்டும் வேற வேற. ஊரு ஒலகத்துல எல்லாரும் இப்படித்தான் பண்றாங்க."

"நான் பண்றதில்லையே! ஏவாரி குடுக்கற டீயக்கூடத் தொடறதில்ல நான். குடிச்சா என்னாகும்? ஒண்ணும் ஆகாது. ஆனா அடுத்த மூட்டை தராசுல ஏறறப்ப எங்கண்ணு எங்க போகும்னு எனக்கே தெரியாது. நீ பதினாறாயிரத்துக்கு டீ குடிச்சிருக்கறே. உங்கண்ணு எங்க போயிருக்கும்?"

"அப்படியெல்லாம் இல்லீங்கக்கா..."

"பேங்க்ல வேண்டாம்னாங்கன்னியே, அந்தக் கடுதாசி எங்க?"

"வாயிலதான் சொன்னாங்க."

"எந்த வாயி? பேரு சொல்லு."

கோகுல் உள் அறையைப் பார்த்துக் கை காட்டினான். உள்ளேயிருந்து கிளை மேலாளர் வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டுப் பொறுமையாகச் சிரித்தார். சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல் சொன்னார். "அம்மா, இது எல்லா எடத்துலயும் இருக்கற நடைமுறைதான். அவருக்கு நாங்க குடுக்கறது உங்க பணத்துல இருந்து போகாதும்மா."

"அப்பறம் யாரு பணத்துல இருந்துங்க போகுது? இந்தப் பதினஞ்சேகால்ல இருந்துதானுங்களே?"

மேலாளர் பேச்சை மாற்றினார். கோகுல் தங்களுக்குத் தெரியாமல் வாடிக்கையாளரிடம் வாங்கியது தவறுதான், அதைத் தனியாக விசாரிப்போம் என்றார். விசாரித்தார்களோ என்னவோ, எங்களுக்குத் தகவல் எதுவும் வரவில்லை. "இப்ப கையெழுத்துப் போட்டா நாளைக்கே முதல் தவணை வந்துரும்" என்று மட்டும் சொன்னார்.

ஜெயபிரகாஷ் அக்காவின் முழங்கையைத் தொட்டார். "போட்டுறலாம் புள்ள. தைக்குள்ள ஊடு வேணும். அண்ணங்கிட்ட எந்த மூஞ்சிய வெச்சுட்டு நிக்கறது? அஸ்திவாரம் வேற தொறந்து கெடக்குது."

அவர் சொன்னதில் தப்பில்லை. அந்த அறையில் மற்ற எல்லோருக்கும் அது ஒரு பைல். அவருக்குத்தான் வீடு. அக்கா அவரை ஒரு நிமிடம் பார்த்தார்.

"ஏனுங்க, பிரேக் புடிக்கலீன்னு தெரிஞ்சா புள்ளைங்கள ஏத்திட்டு வண்டிய எறக்குவீங்களா?"

ஜெயபிரகாஷ் கையை எடுத்துக்கொண்டார். அக்கா பச்சை உறையைத் தன் பக்கம் இழுத்து, உள்ளே பத்திரம் இருக்கிறதா, எல்லாப் பக்கமும் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துத் துணிப்பையில் வைத்தார். கோகுல் எழுந்தான்.

"அக்கா, மூணு மாசம் அலைஞ்சிருக்கறன். பெட்ரோல் போட்டு மலையேறி எறங்கியிருக்கறன். மீதி எட்டாயிரம் குடுத்துட்டுப் போங்க. ஒழைப்புக்குக் கூலி வேணுங்களா வேண்டாங்களா?"

"வேணும். கண்டிப்பா வேணும். எனக்கு ஒழைச்சது எது, இவங்களுக்கு ஒழைச்சது எது, தனித்தனியா எழுதிக் குடு. என்ற பங்கை எடுத்துத் தர்றேன்."

மேலாளர் கதவைத் திறந்து பிடித்தார். மரியாதையா, போய்த் தொலை என்பதா, தெரியவில்லை.

திரும்பப் பஸ் ஏறினோம். பாதி மலை ஏறியபின் நான் அக்காவிடம் சொன்னேன், அந்தத் தாளை முன்னாலேயே படித்துவிட்டேன் என்று.

"படிச்சுட்டு?"

நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"ஊமைச் சாமியவா கண்ணு சாட்சிக்குக் கூட்டிட்டு வந்தேன்?" என்றார்.

அடுத்த திங்கள்கிழமை அக்கா மட்டும் வங்கிக்குப் போனார். எடை வேலை இல்லாத மாதம். காலையில் கதவு திறக்கும்போதே போய் உட்கார்ந்து, கூட்டம் கரையும்வரை உட்கார்ந்து, மேலாளரைப் பார்த்தார். கேட்டால் யாருக்கும் கோபம் வரும்: அக்கா பேரிலோ ஜெயபிரகாஷ் பேரிலோ அந்த வங்கிக்கு எந்த விண்ணப்பமும் வந்திருக்கவே இல்லை. யாரும் மறுக்கவில்லை. மறுப்பதற்கு அங்கே ஒரு தாள் இருந்ததில்லை. ஜெயபிரகாஷின் சம்பளம் ஆறு வருடமாக அந்த வங்கியில்தான் விழுகிறது. "சம்பளக் கணக்கு இங்க வெச்சுட்டு வெளிய எதுக்கும்மா போனீங்க?" என்று மேலாளர் கேட்டாராம். வாசல் பெஞ்சில் ஒருவன் தினமும் உட்கார்ந்திருப்பதை அந்த மேலாளர் பார்த்ததே இல்லையா என்று எனக்குக் கேட்கத் தோன்றுகிறது. அக்கா கேட்டுவிட்டார். மேலாளர் தண்ணீர் குடித்தாராம்.

வட்டி ஒன்பது. எட்டு லட்சத்துக்குப் பதினைந்து வருடம் போட்டுப் பார்த்தால் மாதம் எட்டாயிரத்து நூறு வருகிறது. ஃபைனான்ஸ் கம்பெனியில் பதினோராயிரத்து முந்நூறு. மாதம் மூவாயிரத்துக்கு மேல், பதினைந்து வருடத்துக்கு. ஐந்தரை லட்சம் ரூபாய்க்கு மேல். இன்னொரு வீட்டில் முக்கால்வாசி. பதினாறாயிரம் ரூபாய்க் கமிஷனுக்காக ஒருவன் ஐந்தரை லட்சத்தை ஒரு குடும்பத்தின் தலையில் கட்டத் தயாராக இருந்தான். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல், அக்கா அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே.

இதைச் சொன்னால் ஏற்காட்டில் சிரிக்கிறார்கள். "தொழில்னா அப்படித்தான் தம்பி" என்கிறார்கள். படித்தவர்கள், அலுவலகத்தில் இருப்பவர்கள், எல்லோரும். கொட்டச்சேட்டில் மூட்டைக்கு அடியில் கால் வைத்தவனை நிற்கவைத்துக் கேட்கிறோம். அதையே இஸ்திரிச் சட்டை போட்டுக்கொண்டு செய்தால் அதற்குப் பெயர் சர்வீஸ் சார்ஜ்.

கடனுக்கு ஆள் வைப்பதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. மாரமங்கலத்தில் டீக்கடை வைத்திருக்கும் கார்த்திக்குக்குச் சம்பளச் சீட்டு இல்லை, வருமான வரிக் கணக்கு இல்லை. நாலு வங்கி ஏறி இறங்கி நடக்காதபோது ஓர் ஏஜென்ட்தான் முடித்துக் கொடுத்தார். அவர் முதல் நாளே, "எனக்குக் கம்பெனி கமிஷன் குடுக்கும், நீங்க ஒரு ரூபாய் தர வேண்டாம். ஆனா வட்டி பேங்க்கை விட ஜாஸ்தி, யோசிச்சுச் சொல்லுங்க" என்றாராம். கார்த்திக் யோசித்துவிட்டு வாங்கினான். அவனுக்கு அந்த ஏஜென்ட் மேல் ஒரு குறையும் இல்லை. சொல்லிவிட்டு வாங்க ஒரு நிமிடம்தான் ஆகிறது. அந்த ஒரு நிமிடத்தைத்தான் கோகுல் கொடுக்கவில்லை.

எட்டாயிரத்தைக் கேட்டு அக்கா மூன்று முறை பேக்கரி மாடி ஏறினார். அடுத்த வாரம், அடுத்த வாரம். நான்காவது முறை போனபோது கிளியூர்க்காரர்கள் ஒரு புருஷனும் பொண்டாட்டியும் கோகுல் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். அக்காவும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அன்று நானும் கூடப் போயிருந்தேன்.

"தம்பி, இவங்ககிட்டச் சொல்லிட்டீங்களா, உங்களுக்கு ரெண்டு பக்கமும் கூலின்னு?"

கிளியூர்க்காரர் மனைவியைப் பார்த்தார். மனைவி மடியிலிருந்த பத்திரப் பையைக் கட்டிப் பிடித்தார்.

"அக்கா, வெளிய வாங்க பேசிக்கலாம்" என்று கோகுல் எழுந்து, சட்டைப் பையிலிருந்து ஐநூறு ரூபாய் நோட்டுகளை எடுத்து எண்ணி நீட்டினான். "நாலு இருக்குது. வாங்கிக்கங்க. இனி இங்க வராதீங்க."

"குடுத்தது எட்டு."

"இதாவது தர்றேன்ல? வாங்கிட்டுப் போவீங்களா!"

"பாதிய வாங்கிட்டு வாய மூடிட்டுப் போனா, மீதி நாலுக்கு நான் உனக்கு வேலை செய்யறேன்னு ஆயிரும் கண்ணு. எட்டையும் எடு. இல்லீன்னா வெச்சுக்க."

நோட்டுகள் அவன் கையிலேயே இருந்தன. இந்த முறை நான் வாயைத் திறந்தேன். கிளியூர்க்காரரிடம், "வட்டி எவ்வளவுன்னு மொதல்ல பேங்க்ல கேட்டுட்டு வாங்க" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோபோல் இருந்தது. அவர்கள் எழுந்துகொண்டார்கள். கோகுல் என்னைப் பார்த்து, "நீ யார்றா நடுவுல?" என்றான். "சாட்சி" என்றார் அக்கா.

எட்டாயிரம் இன்றுவரை வரவில்லை. போர்டு அப்படியே இருக்கிறது.

வங்கிக் கடன் ஆவணியில் பாஸ் ஆனது. வழக்கறிஞர் பார்த்து, இடத்தை வந்து அளந்து, ஏழு வாரம். கேட்டது எட்டு, வந்தது ஏழு லட்சம். சம்பளத்துக்கு அவ்வளவுதான் வரும் என்றார்கள். அதற்குள் ஆடி மழை பிடித்துக்கொண்டு, கோகுலின் பேச்சைக் கேட்டுத் தோண்டிய அஸ்திவாரத்தில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. ஒரு பக்கம் மண் சரிந்து விழுந்தது. அதை அள்ளிப்போட்டு, கல் கட்டி எடுக்கவே எழுபதாயிரம் போய்விட்டது. மேஸ்திரி கணக்குப் போட்டுப் பார்த்து, இரண்டு அறைக்குத்தான் காசு இருக்கிறது என்றார்.

மார்கழியில் குடிபோகக் கூடாது என்பார்கள், ஆனால் அண்ணன் வைத்த கெடு தையோடு முடிகிறது; மார்கழிக் கடைசியிலேயே குடிபோனார்கள். தை பிறக்க நான்கு நாள் இருந்தது. பால் காய்ச்சிய அன்று வந்தவர்களுக்கெல்லாம் அக்கா வீட்டைச் சுற்றிக் காட்டினார். சமையலறை. படுக்கிற அறை. இலக்கியா அந்த அறையின் ஒரு மூலையில் பெட்டியைக் கவிழ்த்து, அதன்மேல் புத்தகங்களை அடுக்கி வைத்திருந்தாள். படித்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் நான்கு பேர் பேசிக்கொண்டு போனார்கள்.

பின்கதவைத் திறந்தால் மூன்றாவது சதுரம். கல் கட்டி, மேலே ஒன்றும் இல்லாமல், உள்ளே முழங்கால் உயரத்துக்குச் செடி முளைத்திருந்தது.

"இது என்னங்கக்கா, இப்படியே உட்டுட்டீங்க?" என்று வந்தவர்களில் ஒரு பெண் கேட்டார்.

"அதுங்களா? அது கோகுல் ரூமுங்க" என்றார் அக்கா.

கேட்டவர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. அந்தப் பெண்ணும் கடனுக்கு அலைந்துகொண்டிருப்பார்போல; யார் கோகுல் என்று கேட்டார். அக்கா அவரைக் கல்மேல் உட்காரவைத்து, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.